முப்பத்துநான்காம் கிழமையையும் எடுத்தேன்

1

கடந்த வெள்ளிக்கிழமையோடு நான் இந்தச் சமையற்கூடத்தில் சேர்ந்து இருபத்தைந்து வருடம். டென்மார்க்கில் பிறந்தநாளோ வேலையில் ஆண்டு நிறைவோ வந்தால் மேசையில் ஒரு சின்னக் கொடியை நட்டு வைப்பார்கள். எனக்கும் நட்டார்கள். கேக் வெட்டினார்கள். எங்கள் பெரிய பொறுப்பாளர், ஒரு டென்மார்க்காரி, நான் உருளைக்கிழங்கு அவிக்கும் பக்குவத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ரஞ்சன் தட்டவில்லை. நான் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவன் கை தட்டாதது எனக்குக் கேக்கைவிட இனித்தது.

ஊரில் இதை வாசிப்பவர்கள், இந்த மனுசிக்கு இந்த வயதில் இவ்வளவு வஞ்சகமா என்று நினைப்பீர்கள். நினையுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், தனிமையைப் பற்றி எழுதுவார்கள், கடைசிப் பந்தியில் எல்லோரையும் மன்னித்தும் விடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஏன் மன்னிக்கவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ரஞ்சன் மானிப்பாய்க்காரன். நான் கொக்குவில். எனக்குப் பத்து வருடம் கழித்து இங்கே வந்தவன். அவனுக்குக் கத்தி பிடிக்கக் காட்டிக் கொடுத்ததே நான்தான். ஆனால் மொழிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து டேனிஷ் மொழியை ஒழுங்காகப் படித்தான், வேலை முடித்து வந்தும் படித்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன். நான் படிக்கவில்லை, அவன் படித்தான். அதனால் இன்றைக்கு அவன் எனக்கு மேற்பார்வையாளன்.

2

நகரத்தில் உள்ள முதியோர் இல்லங்களுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு எங்களிடமிருந்துதான் போகிறது. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறோம். முன்பெல்லாம் கதவடியில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. சொல்ல வேண்டியதை அதில் எழுதினார்கள். போகிற வழியில் வாசித்துவிட்டுப் போனோம். மூன்று வருடத்துக்கு முன் பலகையைக் கழற்றிவிட்டு, எல்லோருடைய கைபேசியிலும் ஒரு அரட்டைச் செயலியைப் போட்டார்கள். அதிலே ‘எல்லோருக்கும்’ என்று ஒரு குறி இருக்கிறது. அதைப் போட்டு எழுதினால் இருபத்திரண்டு சட்டைப் பைகளும் ஒரே நேரத்தில் குலுங்கும்.

அந்தக் குறி ரஞ்சனின் கையில் அகப்பட்டது.

எல்லோருக்கும்: பெரிய அகப்பையை மூன்றாம் அலுமாரியில் வைத்தது யார்? (படத்துடன்.) எல்லோருக்கும்: இன்னும் பதில் வரவில்லை. எல்லோருக்கும்: அகப்பை மூன்றாம் அலுமாரியில் இருப்பதுதான் சரியாம், நன்றி. எல்லோருக்கும்: இன்று வெளியே நல்ல வெயில்.

நான் ஐம்பது லீற்றர்ச் சட்டியில் குழம்பு கிண்டிக்கொண்டு நிற்பேன். பை குலுங்கும். கையைக் கழுவி, துடைத்து, கண்ணாடியைப் போட்டு, டேனிஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பேன். வாசித்து முடிக்க முன்னம் இன்னும் மூன்று வந்துவிடும். குழம்பு அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த சட்டியையும் ரஞ்சன் படமெடுத்து எல்லோருக்கும் போடுவான்.

பாத்திரம் கழுவும் மரியம் சிரியா நாட்டுக்காரி. அவள் ஒருநாள் ஏப்ரனைத் தட்டிக் காட்டி, “நான் இதுக்குள்ளே ஒரு கோழி வளர்க்கிறேன். கத்துதே தவிர முட்டை இடுறதில்லை” என்றாள். எங்கள் இரண்டு பேரின் டேனிஷும் ஒரே தரம் என்பதால் எனக்கு உடனே விளங்கியது. அதற்குப் பிறகு எங்களுக்குள் ரஞ்சனின் பெயர் கோழி.

என் பக்கத்திலும் ஒரு பிழை இருந்தது. எங்கள் ஆட்கள், யாராவது கதைத்துக்கொண்டிருந்தால் ‘ஓம், ஓம்’ என்று கொட்டுவோமே, அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். அந்தப் பழக்கத்தில் செயலியில் வந்ததற்கெல்லாம் டேனிஷ் மொழியில் ‘ஓம்’ என்று எழுதிவிடுவேன். இவர்களுக்கு ஓம் என்றால் ஓம். ஊரே வீட்டில் இருக்கும் நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு, மூன்று வருடம் அடுத்தடுத்து நான் வேலைக்குப் போனது அப்படித்தான்.

3

என் தங்கை வதனி கொக்குவிலில் இருக்கிறாள். ரயில் பாதைக்கு அருகே வீடு. தொலைபேசியில் கதைக்கும்போது ரயில் வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். அவளுடைய கலியாணத்துக்கு நான் போகவில்லை. அப்போது இங்கே அகதி முகாமில் இருந்தேன். கையில் கடவுச்சீட்டு இல்லை, விண்ணப்பத்துக்கு முடிவும் இல்லை. கலியாணத்துக்கு முன்பு சுமங்கலிகள் கூடி எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடுவதைப் பலகாரச் சூடு என்போம். முதற் பலகாரத்தை எண்ணெயில் போடுவது வீட்டின் மூத்த பெண். அவளுக்கு நான் ஒரே அக்கா. அன்றைக்கு அந்தக் காரியத்தை அடுத்த வீட்டு மனுசி செய்தாள். வதனி இதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்கு முள்.

இந்தத் தை மாதம் ஒரு காலையில் அழைத்தாள்.

“அக்கா, மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. ஆவணியிலை நாள் வைச்சிருக்கினம். ஐயர் இப்பவே எழுதித் தந்திட்டார்.”

“எப்ப, எப்ப?”

“பலகாரச் சூடு ஒரு கிழமை, கலியாணம் அடுத்த கிழமை. இஞ்சை பாருங்கோ, முதற் பணியாரம் நீங்கள்தான் போடவேணும். இந்தமுறை நீங்கள் வராட்டி நான் சட்டியை அடுப்பிலை வைக்கமாட்டன். பச்சை மாவைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு ரயில் வந்தது. 

நாட்காட்டியைப் பார்த்தேன். இந்த நாட்டில் மாதங்களுக்குப் பெயர் இருந்தும் எல்லோரும் வருடத்தின் வாரங்களை ஒன்றிலிருந்து எண்ணி, இத்தனையாம் கிழமை என்றுதான் சொல்வார்கள். பலகாரச் சூடு முப்பத்தைந்தாம் கிழமை, கலியாணம் முப்பத்தாறாம் கிழமை. இந்த இரண்டு கிழமைகளும்தான் எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

4

விடுமுறைப் பட்டியலும் செயலியில்தான். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வரி. விருப்பமான கிழமைக்குக் கீழே பெருவிரல் அடையாளத்தைப் போட வேண்டும். ஒரு கிழமைக்கு இரண்டு பேர், ஒருவருக்கு மூன்று கிழமை. முந்தியவருக்கே இடம். இந்த முறையை எழுதியவன் ரஞ்சன்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய். அன்று காலை முழுவதும் கோழி கத்தியது. ஒரு மூடியைக் காணவில்லையாம். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ பை குலுங்கியபோது, போ சனியனே என்று நான் சட்டியை விட்டு அசையவில்லை. அந்தக் குலுக்கல்தான் விடுமுறைப் பட்டியல். பதினொரு மணிக்குத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்து பார்த்தால், முப்பத்தைந்திலும் முப்பத்தாறிலும் இரண்டு விரல்களும் விழுந்துவிட்டன. ஒன்று வருடா வருடம் அந்த நேரத்தில் மீன்பிடிக்கப் போகும் டென்மார்க் சமையற்காரர். மற்றது ரஞ்சன். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு என்று மூன்றையும் எடுத்திருந்தான்.

ஓடிப்போய்க் கேட்டேன்.

“ரஞ்சன், எனக்கு அந்த ரெண்டு கிழமையும் வேணும் எண்டு தையிலேயே உமக்குச் சொன்னனானெல்லே? தங்கச்சியின்ரை மகளின்ரை கலியாணம்.”

“சொன்னனீங்கள்தான் அக்கா. ஆனால் பட்டியல் வரேக்கை நீங்கள் போடவேணும். நான் எல்லாருக்கும் சொன்னனான்.”

“எப்ப சொன்னனீர்?”

“அக்கா, எல்லாருக்கும் எண்டு போட்டனானே. பாக்காதது உங்கடை பிழை.”

“எனக்குப் பக்கத்து மேசையிலைதானே நிண்டனீர். வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ?”

“இஞ்சை எல்லாருக்கும் ஒரே முறைதான். ஊர் மாதிரிச் செய்ய ஏலாது. நாங்களும் நல்லூர்க் கந்தன்ரை தேருக்குப் போறம், அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா.” சொல்லிக்கொண்டே கைபேசியைப் பார்த்தான். என் பை குலுங்கியது. எல்லோருக்கும்: விடுமுறை பற்றிய முறைப்பாடுகளை நேரில் கொண்டுவர வேண்டாம்.

சொன்னானாம்! எங்கள் பக்கத்தில் சொல்லுவது என்றால் என்னவென்று மானிப்பாயில் பிறந்தவனுக்குத் தெரியாதா? கலியாணக் காட் அச்சடித்துவிட்டால் மட்டும் போதாது. புருசனும் பெண்சாதியுமாக வெளிக்கிட்டு, வீடு வீடாகப் போய், வாசலில் நின்று முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். என் ஐயாவுக்கு ஒரு கலியாணத்தைக் கடையடியில் கண்ட இடத்தில் சொன்னார்கள். “சைக்கிளாலை இறங்காமலே சொன்னவன்” என்று ஐயா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அந்தக் கலியாணத்துக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த மூன்று நன்மை தீமைக்கும் போகவில்லை. எனக்கு அந்த இரத்தம்தான்.

பெரிய பொறுப்பாளரிடம் போனேன். அவர் நல்ல மனுசி. கையைப் பிடித்தார், மனவருத்தம் தெரிவித்தார், முறை முறைதான் என்றார். தொழிற்சங்கப் பிரதிநிதி ஒரு படிவம் தந்தார். அதை நிரப்ப மகளைக் கேட்க வேண்டியிருந்தது. நிரப்பி அனுப்பி ஏழு கிழமைக்குப் பிறகு, உங்கள் படிவம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது.

வதனிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் சீலையின் நிறம் கேட்டாள். ஓம், ஓம் என்று கொட்டிக்கொண்டிருந்தேன்.

5

மகள் துளசி வேறு நகரத்தில் படிக்கிறாள். படிவத்துக்காக வந்தவள் என் கைபேசியைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“அம்மா, இதென்ன இவ்வளவு சிவப்புப் புள்ளி? ஏன் இவ்வளவுக்கும் உங்களுக்கு மணி அடிக்குது?”

“அடிக்குது. நான் என்ன செய்ய?”

“நிப்பாட்டுங்கோவன். ஒவ்வொண்டாய் வாயை மூடலாம். இஞ்சை பாருங்கோ, நான் என்ரையிலை எப்பிடி வைச்சிருக்கிறன் எண்டு.”

தன் கைபேசியைத் திறந்து, வாய் மூடி வைத்திருப்பவர்களின் வரிசையைக் காட்டினாள். உடற்பயிற்சிக் கூடம், செருப்புக் கடை, பழைய வகுப்பு, அம்மா.

“உது ஆர்?”

துளசி முகம் சிவந்தாள். “அது… நீங்கள் ஒவ்வொரு காலமையும் பூப்படம் அனுப்புறியள் அம்மா. நான் பின்னேரம் எல்லாத்தையும் ஒண்டாய்ப் பாக்கிறனான்.”

என் மகளின் பையில் நான் ஒரு ரஞ்சன். அதற்காக அன்றைக்கு அழவேண்டியவள், அழவில்லை. அந்தக் கோபத்தையும் தூக்கி ரஞ்சன் மேலேயே ஏற்றினேன். ஏற்றிவிட்டு, “சரி, எனக்கும் காட்டித் தா” என்றேன்.

மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தாள். ஒவ்வாமை உள்ளவர்களின் சாப்பாட்டுக் குழுவைத் தொடவேண்டாம், அது உயிர் விசயம், அது எப்போதும் அடிக்கட்டும். சாரதிகளின் குழு காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் அடிக்கட்டும். ‘எல்லோருக்கும்’ என்று வருவது முழுவதையும் மூடு. வேலை முடிந்தபின் எதுவுமே அடிக்கவேண்டாம். கடைசியாக ஒன்று காட்டினாள். ஒரு சொல்லை எழுதி வைத்தால், மூடிய குழுவில்கூட அந்தச் சொல் வந்தால் மட்டும் மணி அடிக்குமாம்.

“என்ன சொல்லு வைக்க?”

நான் யோசிக்கவே இல்லை. “விடுமுறை” என்றேன். டேனிஷ் மொழியில் எழுதி வைத்தாள்.

திங்கட்கிழமை மரியத்துக்குக் காட்டிக் கொடுத்தேன். அவள் கோழியின் வாயை மூடிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். மரியம் எங்களோடு வேலை செய்யும் போலந்துப் பெடியளுக்குக் காட்டினாள். அவர்கள் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வாமைக் குழுவை மூடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் நானே நேரில் போய்ச் சொன்னேன். பத்து நாளில் சமையற்கூடம் அடங்கியது. கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டது. என் குழம்பு அடிப்பிடிக்கவில்லை.

ரஞ்சன் எழுதிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் என்று போட்டான். ஒரு பையும் குலுங்கவில்லை. சுற்றிப் பார்த்தான். பிறகு மேசை மேசையாக நடந்து வந்து, “அக்கா, இண்டைக்கு மீன் பிந்தி வருமாம்” என்று வாயால் சொல்ல வேண்டி வந்தது. எங்கள் சமையற்கூடம் நீளம். ஒரு நாளில் எத்தனை தரம் நடந்தான் என்று நான் எண்ணவில்லை. மரியம் எண்ணினாள்.

“ஏன் ஒருத்தரும் பாக்கிறியள் இல்லை?” என்று என்னிடம் கேட்டான்.

“பாக்காதது எங்கடை பிழை தம்பி” என்றேன்.

6

வைகாசியில் அந்த நாள் வந்தது. ரஞ்சனின் வீட்டுச் சமையலறையில் போன வருடத்து நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தமிழ்க் கடையில் கொடுப்பது, சாமிப்படம் போட்டது. படத்துக்காகக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து முப்பத்தைந்தாம் கிழமையில் நல்லூர்த் தேர் என்று விடுமுறை எடுத்துவிட்டான். தேர் வருடத்துக்கு வருடம் நாள் மாறும் என்பது எங்கள் பக்கத்தில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். இந்த வருடம் தேர் முப்பத்துநான்கில்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பத்தரை மணி, சாப்பாட்டு வண்டிகள் ஏற்றும் நேரம், ஒருவருக்கும் மூச்சுவிட நேரமில்லாத நேரம். என் பை குலுங்கியது. ‘எல்லோருக்கும்’ குறிக்கு அது குலுங்கியது பல கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

‘எல்லோருக்கும்: விடுமுறை மாற்றம். ரஞ்சன் தனது கிழமைகளைத் திருப்பி வைக்கிறார். முப்பத்துநான்கு முதல் முப்பத்தேழு வரை இடம் உண்டு. முந்தியவருக்கே இடம்.’

கிழமையை மாற்றுவதென்றால் எடுத்த மூன்றையும் முதலில் திருப்பி வைத்து, எல்லோருக்கும் அறிவித்து, பிறகுதான் புதிதாக எடுக்கவேண்டும். அதுவும் அவன் எழுதிய முறைதான். அவனுக்கு அவசரமில்லை. ஒருவரும் பார்ப்பதில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அறிவித்துவிட்டு, லொறிச் சாரதியிடம் கையெழுத்து வைக்கப் பின்கதவால் இறங்கிப் போனான்.

நான் கை கழுவவில்லை. கண்ணாடி போடவில்லை. மா ஒட்டிய பெருவிரலால் முப்பத்தைந்தை அமத்தினேன். முப்பத்தாறை அமத்தினேன்.  வதனியின் எண்ணெய்ச் சட்டி எனக்குக் கிடைத்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம்.

முப்பத்துநான்கின் கீழ் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. எனக்கு அந்தக் கிழமை தேவையில்லை. கதவுக் கண்ணாடியால் ரஞ்சன் சாரதியோடு சிரித்துக் கதைப்பது தெரிந்தது.

அமத்தினேன்.

7

அவன் வந்து பார்த்ததும் பெரிய பொறுப்பாளரிடம் ஓடினான். அவர் அவன் கையையும் பிடித்து, மனவருத்தம் தெரிவித்து, முறை முறைதான் என்றார். பின்னேரம் நான் வேலைச் சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றும்போது வந்து நின்றான்.

“அக்கா, முப்பத்துநாலை மட்டும் விடுங்கோ. மற்ற ரெண்டும் உங்களுக்குத்தானே. அம்மாவைத் தேருக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“என்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு வாறன் எண்டு நானும் ஒருக்கா அப்பிடித்தான் சொன்னனான்.”

“அதுக்கு நான் என்னக்கா செய்யிறது? அது அந்த நாளையிலை.”

“பாக்காதது உம்மடை பிழை ரஞ்சன்.”

துளசிக்குச் சொன்னேன். “அம்மா, அது கொஞ்சம் கூடிப்போச்சு” என்றாள். ஓம், கூடிப்போச்சு. இந்த ஓம் சம்மதம் என்ற ஓம்தான். ஆனாலும் விடவில்லை. தேரன்று நான் நல்லூர் வீதியில் நிற்பேன். வெயிலில் கால் சுட நிற்பேன்.

போன மாதம் வதனி பன்னிரண்டு கலியாணக் காட்டுகளைத் தபாலில் அனுப்பியிருந்தாள். டென்மார்க்கில் யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று பெயர்களும் இருந்தன. பத்தாவது பெயர் சுகந்தி. வதனியோடு ஒன்றாகப் படித்தவள். ரஞ்சனின் மனைவி.

“சுகந்தியை விட்டிடாதேங்கோ அக்கா,” என்று வதனி சொன்னாள். “வராட்டிலும் பரவாயில்லை, முறையாய்ப் போய்ச் சொல்லுங்கோ.”

முறையாகவே போனோம். நேற்றுப் பின்னேரம், நான் பட்டுச்சீலை, என் புருசன் வேட்டி, தட்டில் குங்குமமும் கலியாணக் காட்டும். இங்கே ஊரைப்போல வாசற்படலை இல்லை, இடுப்பளவு வேலிச்செடிதான். அதற்கு வெளியே நின்றோம். கதவைத் திறந்த ரஞ்சன் எங்களையும் தட்டையும் பார்த்தான். காட்டை நீட்டினேன். நன்மைக்குச் சொல்ல வந்தவர்களை யாரும் திருப்பி அனுப்பமுடியாது. இரண்டு கையாலும் வாங்கினான்.

“ரஞ்சன், முறையாய்ச் சொல்லுறம். வதனியின்ரை மகளுக்குக் கலியாணம். முப்பத்தாறாம் கிழமை. குடும்பத்தோடை கட்டாயம் வரவேணும்.”

“வாங்கோ, உள்ளை வாங்கோ,” என்று சுகந்தி ஓடிவந்தாள். குங்குமம் தொட்டாள், தேத்தண்ணி போட்டாள், பலகாரம் வைத்தாள், காட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“எனக்கும் வர எவ்வளவு ஆசை அக்கா. இவருக்கு லீவு கிடைக்கேல்லை. எடுத்ததை மாத்தப்போக, ஆரோ பின்னாலை நிண்டு மூண்டு கிழமையையும் தூக்கிப்போட்டினமாம். மாமி தேருக்கு எண்டு புதுச்சீலையும் எடுத்து வைச்சவ. ஆர் எண்டு கேட்டால் இவர் சொல்லுறாரில்லை.”

ரஞ்சன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தேத்தண்ணி பாதியில் இருந்தது. நல்ல தேத்தண்ணி, இஞ்சி போட்டது. ஆறுதலாகக் குடித்து முடித்து, கோப்பையைத் தட்டில் வைத்தேன்.

“நான்தான் பிள்ளை.”

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், காட்டைத் திருப்பித் திகதியைப் பார்த்தாள்.

“கலியாணத்துக்கு மூண்டு கிழமை வேணுமோ அக்கா?”

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “ரெண்டு போதும்.”